அந்த முதல் பிரக்கெட்டில் பிழை இல்லை

அன்பு மகள் பவானிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். முதலில் கோபத்தைக் கொட்டித் தீர்க்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிங்கப்பூர் வேலைக்கு நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று உன் அம்மா விசாரித்தாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இதுவரைக்கும் நீ செஞ்ச பெரிய தப்பு என்னன்னு கேட்டாங்கம்மா. நம்ம பெக்டரிக்கு மொதல்ல செஞ்ச பிரக்கெட்ட சொன்னேன். நேர்ல அளக்காம படத்த நம்பி செஞ்சேன், பொருந்தல, அதுலதான் பாடம் படிச்சேன்னு சொன்னேன். அவங்களுக்கு அது ரொம்பப் புடிச்சிருச்சு." அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா ஏன் பேச மாட்டேங்கிறாரு?" என்று நீ கேட்டாய். "அவருக்குச் சளி" என்று அவளே பதில் சொல்லிவிட்டாள். எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெட்கம். அந்த வெட்கத்துக்கு மேலே கோபம். யார் மேல் என்று இப்போதே கேட்காதே, பலர் மேல்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். தபாலை நம்பி ஏமாற எனக்கு இஷ்டமில்லை. அதனால் கொழும்புக்கு வருகிற உன் மாமாவிடம் கடிதத்தையும் ஒரு பார்சலையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு பார்சலைப் பிரி.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். நம் தேயிலைப் பெக்டரியின் பெரிய ரோலர் வெள்ளைக்காரன் காலத்து மெஷின். கொழுந்தை முறுக்கிப் பிழிவது அதுதான், அது நின்றால் பெக்டரியே நின்ற மாதிரி. அதன் தண்டைத் தாங்கிப் பிடிக்கிற வார்ப்பிரும்பு பிரக்கெட், கொழுந்து குவிந்து கிடக்கிற மாதத்தில், பட்டப்பகலில் ரெண்டாக உடைந்தது. நான் பிட்டர், மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். உடைந்ததைக் கழற்றிக் கையில் எடுத்த அந்த நிமிடமே அதைக் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் சட்டம் உனக்கும் தெரியும்: உடைந்த சாமானைக் கொழும்பு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் புதிதுக்கு ஓர்டர் போடுவார்கள். இல்லாவிட்டால் நாங்கள் பழைய இரும்பைத் திருடி விற்றுவிடுவோமாம்! முப்பது வருஷம் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டவனை ஒரு துண்டு இரும்புக்கு நம்ப மாட்டார்கள். சாமான் கொழும்புக்குப் போனது. அங்கே யாரோ ஒருவருடைய மேசைக்கு அடியில் தூங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு பதில் வந்தது: செய்த கம்பெனியைச் சீமையில் மூடிவிட்டார்களாம், வேறொரு நாட்டில் செய்யலாமாம், ஆனால் ஒன்று மட்டும் செய்து தர மாட்டார்களாம், வேறு தோட்டங்களுக்கும் தேவைப்பட்டால் சேர்த்துச் செய்வார்களாம், எப்படியும் ஆறு மாதம் ஆகுமாம். பசித்தவன் ஒரு பிடி சோறு கேட்டால், ஊரே பசியோடு வந்தால்தான் அடுப்பு மூட்டுவேன் என்கிறதைப் போல.

அந்த மாதங்களில் கொழுந்தை லொறியில் ஏற்றி நோர்வூட் தாண்டி இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்து நாறியது. பெக்டரியில் தூள் சலித்த பெண்களையெல்லாம் திரும்ப மலைக்கு அனுப்பிவிட்டார்கள். உன் அம்மா பதின்மூன்று வருஷம் சலிக்கிற இடத்தில் நின்றவள். வீங்கிய முழங்காலோடு மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள். தீபாவளிக்கு நீ கொழும்பிலிருந்து வந்தபோது அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் உனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பிரக்கெட்டுக்காகவா எல்லாம் நின்னு கெடக்கு? எங்க கம்பெனியில ஒரு மெஷின் இருக்கு. கம்பியூட்டர்ல படத்தக் குடுத்தா போதும், அதுவே அடுக்கு மேல அடுக்கா வச்சு சாமான செஞ்சு குடுத்திரும்" என்றாய். அம்மா ஒத்தடத் துணியைப் பிழிந்தபடி கேட்டாள்: "இடியப்பம் புழியற மாதிரியா?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அதேதாம்மா! எங்க பொஸ் ரெண்டு மணித்தியாலமா சொன்னத நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது. என் ஆயுள் முழுக்க நான் செய்தது இரும்பைக் குறைக்கிற வேலை. அராவுவது, வெட்டுவது, துளைப்பது. ஒரு சாமான் செய்ய அதில் பாதி இரும்பைத் தூளாக்கித் தரையில் கொட்டுவேன். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அராவிவிட்டால் அத்தனையும் பாழ். உன் மெஷின் வேண்டிய இடத்தில் வேண்டியதை மட்டும் வைக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் செய்கிறது. ஆயிரம் செய்து அறையில் அடுக்கி வைக்கத் தேவையில்லை, படத்தை வைத்திருந்தால் போதும், உடைகிற அன்றைக்குச் செய்துகொள்ளலாம். அது செய்து தந்த பிளாஸ்டிக் மாதிரியை மணலில் பதித்து, வார்ப்புப் பட்டறையில் இரும்பை ஊற்றி எடுக்கலாம் என்று நீ சொன்னாய். தச்சனிடம் கொடுத்து மரத்தில் மாதிரி செய்ய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்றாய். இதெல்லாம் ஆகாயக் கப்பல் செய்கிறவனுக்குத்தான் என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களைப் பிடித்து நம் பெக்டரிக்குள் ஒரு நாள் நிறுத்த வேண்டும். புதுமெஷின் வைத்திருப்பவனுக்குச் சாமான் கடையிலேயே கிடைக்கும். செய்த கம்பெனி செத்துப்போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை வைத்துப் பிழைக்கிற நமக்குத்தான் இது வேண்டும்.

தோட்டத்தை நடத்துகிற தொரை சம்மதித்தார். நம் மேல் நம்பிக்கை வந்து சம்மதிக்கவில்லை, அவருக்கு வேறு வழி இல்லை. பழைய மெஷின் புத்தகத்திலிருந்து ரோலர் படத்தைப் பிரதி எடுத்து உனக்கு அனுப்பினார்கள். நீ கெட்டிக்காரி. படம் மட்டும் போதாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. நேரே வந்து அளக்க லீவு கிடைக்காததால் பெக்டரி ஒபிசுக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிடச் சொன்னாய். "அப்பா, மெஷினு படத்துல இருக்கிற மாதிரியேதான இருக்கு? யாரும் ஏதும் மாத்தி கீத்தி வைக்கலையே?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஆமா பாப்பா, அப்படியேதான் இருக்கு. நீ செய்யி."

அது பொய்.

அந்த மெஷினை மாற்றியவன் நான். நீ நோர்வூட்டில் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். மெஷினில் பிரக்கெட்டைப் பிடிக்கிற கீழ் ரெண்டு போல்ட் ஓட்டைகளும் மரை தேய்ந்து பல்லிளித்துவிட்டன. அப்போதும் கொழும்புக்கு எழுதினோம், அப்போதும் பதில் இல்லை. அன்றைக்கு இருந்த தொரை என் முன்னால் வந்து நின்று, "நீ என்ன செய்வியோ தெரியாது, எப்பிடியாவது ஓட வை" என்றார். ஓட வைத்தேன். அரை அங்குலம் உள்ளே தள்ளிப் புது ஓட்டைகள் போட்டேன். அவற்றுக்குப் பொருந்துவதற்காகப் பிரக்கெட்டின் காலில் இருந்த ஓட்டைகளையும் அராவி நீளமாக்கினேன். பழைய ஓட்டைகளில் ஈயம் ஊற்றி அடைத்து மேலே பச்சைப் பெயின்ட் அடித்தேன். மறுநாள் தொரை பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றார். எழுதி வைக்கச் சொல்லவில்லை. மெஷின் புத்தகத்தில் ஒபிசர்மார்தான் எழுதலாம், பிட்டர் தொடக்கூடாது. அதனால் அந்த மெஷினில் என் கை பட்டதற்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி இல்லை. அந்தத் தொரையும் மாற்றலாகிப் போனார். பிரக்கெட் உடைந்தபோது எந்த இடத்தில் உடைந்தது தெரியுமா? நான் அராவிய இடத்தில். கையில் எடுத்ததும் பார்த்துவிட்டேன். கொழும்புக்கு அனுப்பச் சொன்னபோது, இப்போது உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டத்தைத் திட்டிக்கொண்டே அந்தச் சட்டத்தின் முதுகில் ஒளிந்துகொண்டேன்.

நீ போன் எடுத்தபோது இந்தத் தொரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பென்ஷனுக்கு மூன்று மாதம் பாக்கி. கேட்காமல் மெஷினில் கை வைத்தான் என்று எங்களோடு வேலை செய்த ஒருவரைக் கோட்டர்ஸ் வீட்டை விட்டு ஒற்றை அறை லயத்துக்கு இறக்கியதை நான் பார்த்தவன். வாய் தானாகப் பொய் சொன்னது. சரி, தொரை முன்னால் பயந்தேன் என்று வைத்துக்கொள். மறுநாள் டவுனுக்குப் போய்க் கொமினிகேஷன் கடைப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே? போனேன். கடை வாசல் வரை போனேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். இதற்குத் தொரையைக் குறை சொல்ல முடியுமா?

பத்து நாளில் நீ பிரக்கெட்டோடு வந்தாய். பத்து நாள்! ஆறு மாதம் என்றவர்கள் இருக்கிற உலகத்தில் பத்தே நாளில், அரிசிச் சாக்கில் சுற்றி, ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பெக்டரியே கூடி நின்றது. மேல் ரெண்டு ஓட்டையும் உட்கார்ந்தன, கீழ் ரெண்டும் உட்காரவில்லை. நீ திருப்பிப் பார்த்தாய், படத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். தொரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வெளையாட்டுச் சாமான் செய்ற மெஷின்ல தேயிலை ரோலருக்குச் சாமான் செஞ்சா இப்பிடித்தான். யுனிவர்சிட்டியில அளக்கச் சொல்லிக் குடுக்கலையா?" "அப்பாகிட்ட கேட்டேன், அப்படியேதான் இருக்குன்னு அவருதான் சொன்னாரு" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ சொல்லவில்லை. "என்னோட தப்புதான் சேர், நான் வந்து பாத்திருக்கணும்" என்றாய். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், கோணலாக்கியவன் பக்கத்திலேயே நிற்கிறான், ஆடியவள் தன் காலைக் குறை சொல்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ அழவில்லை, அதுதான் என்னை இன்னும் வதைத்தது. பழைய பேப்பரை ரோலரின் அடியில் ஒட்டி, அடுப்புக்கரியால் தேய்த்து, ஓட்டைகளின் இடத்தை அப்படியே படி எடுத்தாய். "அப்பா, இந்த ஓட்டைய யாரு போட்டிருப்பாங்க?" என்று கேட்டாய். "எனக்கு முந்தி இருந்தவங்களா இருக்கும்" என்றேன். ரெண்டாவது பொய். முதலாவதைப் பயத்தில் சொன்னேன், இதைக் கூசாமல் சொன்னேன். நீ பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போனாய். கம்பியூட்டரில் ரெண்டு ஓட்டையை நகர்த்தினாய், காலைத் தடிமனாக்கினாய், ஏழாம் நாள் திரும்பி வந்தாய். ரெண்டாவது பிரக்கெட் உறையில் கத்தி போல் உட்கார்ந்தது. ரோலர் சுற்றியது. அடுத்த கிழமை உன் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு பெக்டரிக்குத் திரும்பினாள்.

நான் இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவசரமாகச் செய்கிற உன் மெஷினின் பெரிய நன்மை அது சரியாகச் செய்வது மட்டும் இல்லை. தப்பாகிப் போனால் ஒரு கிழமையில், ஏழே நாளில், திருத்திக்கொள்ள விடுகிறது. அதே பிரக்கெட் சீமையிலிருந்து ஆறு மாதம் கழித்துக் கப்பலில் வந்து பொருந்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு ஆறு மாதம். உன் அம்மாவின் முழங்கால் தாங்கியிருக்குமா? நான் போட்ட ஓட்டையைத் திருத்த யாரும் எனக்கு ஒரு கிழமை கொடுக்கவில்லை, ஒரு காகிதம்கூடக் கொடுக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பெயின்டுக்கு அடியில் கிடந்தது.

சரி, அதற்குப் பிறகாவது இவர்களுக்குப் புத்தி வந்ததா? மெஷின் புத்தகத்தில் "ரோலர் பழுது பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி. உன் பெயர் இல்லை, எப்படிச் செய்தது என்று இல்லை, புது அளவு இல்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனுஷர்களிடம் தொரை தாமே வார்க்கக் கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். போன வருஷம் கொழுந்து காய வைக்கிற மெஷினின் விசிறி உடைந்தது. உன்னிடம் கேட்கலாம் என்று நான் சொல்லி அனுப்பினேன். "அது அந்த டைம் சரி வந்திச்சு, எல்லா டைமும் வருமா?" என்று கேட்டார்களாம். உடைந்த விசிறியைப் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்கு வலிக்காது. மலையில் ஏறுவது அவர்களுடைய முழங்கால் இல்லையே.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏன் அவ்வளவு சீக்கிரம் "என்னோட தப்புதான்" என்றாய்? யோசித்தால் அதையும் நான்தான் கற்றுக் கொடுத்தேன். உனக்கு எட்டு வயசு இருக்கும். தொரை பங்களாவில் டேலியாச் செடி ஒடிந்து கிடந்தது. நீயும் பிள்ளைகளும் அந்த வழியாக வந்தீர்கள் என்று தோட்டக்காரன் சொல்லிவிட்டான். பங்களா நாய் அதில் புரண்டதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். இருந்தும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "தொரைகிட்ட மன்னிப்புக் கேளு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "நான் செய்யலப்பா" என்றாய். "செய்யாட்டியும் கேளு" என்றேன். தொரை சத்தம் போட்டால் முதலில் மன்னிப்பு, யாருடைய தப்பு என்று பிறகு பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக, விடியலில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் நின்று நாம் படித்த பாடம் அது. மூன்று நாள் உனக்குக் காய்ச்சல் அடித்தது. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். அந்தப் பிள்ளைதான் படித்துப் பட்டம் வாங்கிப் பெக்டரிக்குள் நின்று மறுபடி அதையே சொன்னது. போகிற ஊரில் அதைச் செய்யாதே. உன்னுடையது என்றால் உடனே ஒத்துக்கொள், தலை போனாலும் ஒத்துக்கொள். உன்னுடையது இல்லை என்றால், எதிரே நிற்பது தொரையாக இருந்தாலும் பெற்ற அப்பனாக இருந்தாலும், "இல்லை" என்று சொல்.

செவ்வாய்க்கிழமை பெக்டரிக்குப் போனேன். இப்போது பெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் சின்ன வயசுக்காரர், நல்ல பையன். "என்னங்க ஐயா, பென்ஷன் வாங்கியும் எங்கள விட மாட்டீங்களா?" என்று சிரித்தார்.

"மெஷின் புத்தகத்த எடுங்க தம்பி. ஒரு விசயம் எழுதணும்."

"பிட்டர்மாரு அதுல எழுதக் கூடாதுங்களே."

"அதனாலதான் இவ்வளவு வருஷம் எழுதல. இப்ப குடுங்க."

எடுத்துத் தந்தார். எந்த ஓட்டையை எவ்வளவு தள்ளினேன், எங்கே அராவினேன், எதற்காகப் பழையது உடைந்தது, புதிய பிரக்கெட்டைச் செய்தது யார், எந்த முறையில், எத்தனை நாளில், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் முகம் வாடியது. "ஐயா, இதத் தொரை பாத்தா நீங்க இருக்கிற கோட்டர்ஸக் கேப்பாருங்க" என்றார். "கேக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "புள்ள போறதுக்கு முந்தி அவகிட்ட சொல்லிருங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனிப் பார்சலைப் பிரிக்கலாம். நீ செய்த முதல் பிரக்கெட்தான். இத்தனை நாளும் அரிசிப் பீப்பாயின் மூடியை எலி தள்ளாமல் இருக்க அம்மா அதைப் பாரமாக வைத்திருந்தாள். கழுவித் துடைத்து என் கலிப்பரால் அளந்து பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிற படத்தின் பிரதியையும் கூடவே வைத்திருக்கிறேன். நீயும் அளந்து பார், ஒரு நூல் பிசகவில்லை. கனமாக இருக்கிறது என்று விட்டுவிட்டுப் போகாதே. அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளில் பாதியை மாமாவிடம் கொடுத்துவிட்டாவது இதைப் பெட்டியில் வை.

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்துக்காக என் மேல் கோபப்படு, அது உன் உரிமை. ஆனால் ஒன்று. அடுத்த தடவை யாராவது நீ செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால், வேறு ஏதாவது ஒன்றைத் தேடிச் சொல். இது என்னுடையது.

அப்பா